கூரைக்குக் குடிபோன புல்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால் வண்டி வந்து போன பிறகு, பால்காரம்மாவின் சரிவு நிலத்திலிருந்த தீவனப்புல் முழுவதும் எழுந்து, அவள் கணவனின் அண்ணன் வீட்டுக் கூரைக்குக் குடிபோய்விட்டது. யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை. சேற்றில் நடப்பவர்கள் உடையைத் தூக்கிப் பிடிப்பதுபோல ஒவ்வொரு தூரும் தன் வேரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வரிசை கலையாமல், சாலையோரமாகவே நடந்தது. எதிரே வந்த தபால்காரர் ஒதுங்கி வழிவிட்டார். அண்ணன் வீடு மலையை வெட்டிக் கட்டியது; பின்பக்கம் கூரையும் சரிவும் ஒரே மட்டத்தில் சேரும். ஆண்டுக்கணக்கில் மழை அடித்துவந்த மண் அந்தக் கூரைமேல் முழங்கால் உயரம் படிந்திருந்தது. புல் அதில் ஏறி, நிழல் வெயில் பார்த்து, சௌகரியமாக உட்கார்ந்துவிட்டது.

தப்பு யார்மேல் என்று பால்காரம்மாவுக்குத் தெரியும். அந்தப் புல்லைத் தூர் பிரித்து, சரிவுக்குக் குறுக்கே வரிசை பிடித்து நட்டவள் அவள்தான். முதல் வருடம் ஒரு மாட்டையும் உள்ளே விடாமல், களை எடுத்து, பிள்ளையை வளர்ப்பதுபோல வளர்த்தாள். ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் வருடக்கணக்கில் தழைக்கும் ரகம். பனியைத் தாங்கும், மண்ணையும் பிடித்துக்கொள்ளும். கேட்பதெல்லாம் இரண்டே மரியாதைதான்: பூப்பதற்குள் அறுக்க வேண்டும், அடியில் ஒரு சாண் விட்டு அறுக்க வேண்டும். அவள் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த சமயம் பார்த்து, ஊரில் எல்லோரும் 'அவசரம்' என்று அழைக்கும் அவள் கணவன், வாடகைக்கு ஒரு அறுப்பு இயந்திரம் கொண்டுவந்து, மொட்டை அடித்ததுபோலத் தரையோடு தரையாகச் சிரைத்துவிட்டான். புல் பல நாள் துளிர்க்காமல் முறைத்துக்கொண்டு கிடந்தது. பிறகு கிளம்பிவிட்டது.

“என் புல்லை ஆசை காட்டிக் கடத்திட்டான்” என்று அவசரம் தெருவில் நின்று கத்தினான். அண்ணன் தையற்காரர், வீட்டின் முன்னறையிலேயே தையல் இயந்திரம். இருவரும் பேசிக்கொண்டு பல வருடம் ஆகிறது. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள், இரண்டும் பொருந்தாது. தையற்காரர் இயந்திரத்தை நிறுத்தாமல், தெருவில் நின்றவர்களிடம் சொன்னார்: “வீடு தேடி வந்தவங்களைப் போன்னு சொல்ல முடியுமா?”

அவசரம் பின்சரிவு வழியாக ஏறி, தூர்களைப் பெயர்த்துக் கூடையில் அள்ளிவந்து பழைய இடத்திலேயே நட்டான். மறுநாள் பால் வண்டி போனதும் அவை திரும்பிப் போயின. மூன்றாம் தடவை, அவன் நட்டு முடிப்பதற்குள்ளேயே முதல் வரிசை கிளம்பிவிட்டது. மாட்டு டாக்டரை வரவழைத்தார்கள். அவர் ஒரு புல்லைக் கிள்ளி மென்று பார்த்து, “உடம்புக்கு ஒண்ணும் இல்லை, மனசுதான் சரியில்லை” என்றார். ஊசி எதுவும் போடவில்லை.

சில வாரத்தில் அண்ணன் வீட்டுக் கூரையில் புல் தழைத்தது; மாடுகள் நாலும் அதைப் பார்த்தபடி கத்தின. கடையில் வாங்கிய வைக்கோலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. பால் பாதியாகக் குறைந்தது. சினையாக இருந்த செவலைக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. மாட்டு வியாபாரி ஒருவன் கூப்பிடாமலே வந்து, படலில் சாய்ந்துகொண்டு நின்றான். அவன் நின்ற தோரணையைப் பார்த்ததும் பால்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வெறும் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகத் தையற்காரர் வீட்டுக்குப் போனாள்.

“மாமா, எனக்கு உங்ககூட எந்தச் சண்டையும் இல்லை. மாடு பட்டினி கிடக்குது.”

தையற்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “இதைச் சொல்ல இத்தனை நாளாம்மா?” என்றபடி பின்னறைக் கதவைத் திறந்தார். உள்ளே கூரைவரை புல்கட்டுகள். துணிக்கடையில் அடுக்குவதுபோல நுனியெல்லாம் ஒரே பக்கமாக அடுக்கி, ஓரத்துணியால் கட்டியிருந்தார். அளவு நாடா பிடித்து, ஒரு சாண் விட்டு, துணி வெட்டும் கத்தரிக்கோலாலேயே அறுத்தாராம்.

“தானா முன்னாடி வந்து நிக்குதும்மா. அளவு எடுக்கும்போது அசையறதுகூட இல்லை. இந்த வீட்டுக்கு வர்ற எவனும் அப்படி நின்னதில்லை.” சட்டையிலிருந்த நூலைத் தட்டிவிட்டபடி, “வீட்டுக்காரி போனப்புறம் வீட்ல சத்தமே இல்லை. இப்ப மேல யாரோ இருக்காங்கன்னு தெரியுது” என்றார்.

பால்காரம்மா கட்டுகளைச் சுமந்துபோய் மாடுகளுக்குப் போட்டாள். வியாபாரி படலைவிட்டு நகர்ந்தான். ஆனால் அறுத்த புல்லுக்கு எரு வேண்டும். எரு அவசரத்தின் தொழுவத்தில்தான் இருந்தது. பின்சரிவு மழையில் வழுக்கியதால் ஏணிதான் வழி. அண்ணன் வீட்டு வாசலில் காலை வைக்க மாட்டேன் என்று அவன் குதித்தான்.

“வைக்காதீங்க. ஏணியில வைங்க” என்றாள் அவள்.

தலையில் எருக்கூடையோடு அவன் ஏணியில் பாதி ஏறினான். மேலே அண்ணன் கையை நீட்டிக்கொண்டு நின்றார். இருவரும் வெவ்வேறு திசையைப் பார்த்தார்கள். எரு கனத்தது. அவன் கழுத்து நடுங்க ஆரம்பித்தது.

“பிடிண்ணே” என்றான்.

தையற்காரர் கூடையை வாங்கி உள்ளே பார்த்தார். “இவ்வளவு ஈரமாவா எருவைக் கொண்டுவருவாங்க? அறிவு இருக்கா உனக்கு?”

“நீ மாடு வளர்த்தா தெரியும்! கத்தரிக்கோல்ல புல் அறுக்கிற ஆளு, எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா?”

அந்தச் சண்டை சாயங்காலம்வரை நடந்தது. பல வருடத்துப் பாக்கி எல்லாம் அதில் தீர்ந்தது. செத்துப்போன அப்பாவைக்கூட இருவரும் சாட்சிக்கு இழுத்தார்கள். பால்காரம்மா ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பு வெளியே தெரியாமல் இருக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். புல் அப்போதே ஒரு விரற்கடை வளர்ந்துவிட்டதாகத் தையற்காரர் அளந்து சொன்னார்.

அதற்குப் பிறகு அது கூரையைவிட்டுப் போகவில்லை. கூரைக்கு அடியில் மூங்கில் முட்டுக் கொடுத்தார்கள். செவலை கிடாரிக்கன்று போட்டது. பனி கடுமையாக இறங்கும் மாதங்களில் மட்டும் புல் வெயில் காய்வதற்காகச் சாலையைக் கடந்து எதிர்ச்சரிவுக்குப் போய்விட்டு வரும். அந்த நேரத்தில் காலை பஸ் வந்தால், ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கடைசித் தூர் கடக்கும்வரை காத்திருப்பார். பயணிகள் யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நேரமாகிறதே என்று முணுமுணுப்பதோடு சரி.