இருநூறுக்குக் கீழே

என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். ஆயுசு முழுக்கப் பிள்ளைகளைக் காப்பி அடிக்கவிடாத மனுஷர், சர்க்கரைப் பரிசோதனையில் மட்டும் கூசாமல் ஏமாற்றுவார். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே பட்டினி கிடப்பார். எண் நன்றாக வரும், டாக்டர் மெச்சுவார், திரும்புகிற வழியிலேயே இனிப்புக் கடையில் நுழைவார்.

அப்படிப்பட்டவருக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டிக் கன்னம் பந்தாக வீங்கியது. பல் டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"கீறிச் சீழை எடுக்கணும்மா. ஆனா சுகர் முந்நூத்தி நாப்பது இருக்கே! இருநூறுக்குக் கீழ வரட்டும். சர்க்கரை டாக்டரும் சரின்னு சொல்லணும்."

சர்க்கரை டாக்டர் எதிர்ச்சாரியில்தான் இருக்கிறார். "உள்ள சீழை வச்சுக்கிட்டு சுகர் எப்படிம்மா இறங்கும்? முதல்ல அதை எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

மறுபடி சாலையைக் கடந்தோம்.

"அவர் பெரியவர், சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா ஏதாவது ஆச்சுன்னா என் தலையிலதானே விடியும்?" என்றார் பல் டாக்டர்.

"அவர் கைராசிக்காரர். அவர் வேலையில நான் எப்படிம்மா மூக்கை நுழைக்கிறது?" என்றார் சர்க்கரை டாக்டர்.

ஒருவர்மேல் ஒருவருக்கு அப்படி ஒரு மரியாதை. அந்த மரியாதைக்கு நடுவில் என் புருஷன் வீங்கிக்கொண்டிருந்தார்.

வீக்கம் கழுத்துக்கு இறங்கியது. எச்சில்கூட விழுங்க முடியவில்லை. இது மூச்சை அடைத்தால் உயிருக்கே ஆபத்து என்று பல் டாக்டரே சொன்னார். சொல்லிவிட்டு, நாளைக்கு வரச் சொன்னார்.

வாத்தியார் தன் பழைய வேலையைக் காட்டினார். வாய் திறக்காததால் பட்டினி தானாகவே அமைந்துவிட்டது. அது போதாதென்று, எனக்குத் தெரியாமல் இன்சுலினை வேறு கூடுதலாகப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பல் டாக்டர் விரலில் குத்திப் பார்த்தார்.

"பிரமாதம் சார்! இருநூறு கேட்டா ஐம்பத்தஞ்சு கொண்டு வந்திருக்கீங்க!"

சார் நாற்காலியில் வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தார். கைகள் வெடவெடத்தன.

"ஐயோ டாக்டர், பாராட்டாதீங்க! சுகர் ஒரேயடியா இறங்கிடுச்சு!"

கைப்பையிலிருந்த குளுக்கோஸ் பொடியைக் குழைத்து, வீங்காத கன்னத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினேன். மெல்ல மெல்லத் தெளிந்தார். சற்றுப் பொறுத்து டாக்டர் மறுபடி குத்தினார். முகம் வாடியது.

"அடடா, இருநூத்திப் பத்து. நாளைக்கு..."

எனக்கு வந்ததே கோபம்! எதிர்ச்சாரிக்கு ஓடி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு உட்கார்ந்திருந்த சர்க்கரை டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

பல வருடமாக எதிரெதிரே பெயர்ப்பலகை மாட்டியிருந்த இருவரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டது அன்றுதான்.

"நீங்கதானா சார் அது?"

"உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன் சார்."

"குசலமெல்லாம் அப்புறம் விசாரிங்க! இந்த மனுஷன் இல்லாம எனக்கு யாருமில்ல. கீறுங்க!" என்று கத்தினேன்.

சர்க்கரை டாக்டர் வாத்தியாரின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகமும் மாறியது. "நான் பக்கத்துலயே நிக்கிறேன். கீறுங்க சார்."

"நீங்க நின்னா எனக்கென்ன பயம்?"

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அத்தனை அலைச்சல். பால் பொங்குகிற நேரத்தில் கிண்ணம் நிறையச் சீழ் வந்தது. பிறகு இருவரும் சேர்ந்தே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, மருந்து ஏற்ற அனுப்பிவைத்தார்கள்.

சில நாளில் வீக்கம் வடிந்தது. சர்க்கரை, யாரும் ஏமாற்றாமலேயே, இருநூறுக்குக் கீழே வந்தது. வாத்தியார் முதல்முறையாக வாயைத் திறந்து பேசினார்.

"எவ்வளவு வந்துச்சு? பாஸா?"

அடிக்கலாமா அணைக்கலாமா என்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"பாஸ்தான். இன்சுலின் இனிமே என் கையில. மறுபடி பட்டினி கிடந்து மார்க் வாங்கினீங்க, பெஞ்சு மேல ஏத்திடுவேன்."

அவர், மாட்டிக்கொண்ட பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.