ஊதிப் பார்த்த வாய்

வௌவாலக்கா என்றால் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் வாசல் காவலருக்கும் தெரியும். பழைய கிடங்கின் உத்தரத்தில் தொங்கும் வௌவால்களைப் பிடித்து, வாயில் பஞ்சுக்குச்சி விட்டு எச்சில் எடுத்து வருவாள். மனுஷர் பக்கம் தாவக்கூடிய வைரஸ் எதுவும் அதில் இருக்கிறதா என்று தேடுவதுதான் அங்கே எல்லாருக்கும் வேலை.

அன்றைக்குக் கூடமே தலைகால் புரியாமல் இருந்தது. ஒரு தாய் வௌவாலின் எச்சிலில், மனுஷருக்கு வருகிற சளி வைரஸ் அச்சு அசலாக இருந்ததாம்.

"விடாம தேடினதுக்குப் பலன் கிடைச்சிருச்சு," என்றார் தலைமை டாக்டர். "நாளைக்கு நகராட்சிக்குச் சொல்லிடணும். புகை போட்டுக் கிடங்கை மூடிடுவாங்க."

அக்காவின் நினைப்பு மட்டும் கிடங்குக்குப் போனது. கிடங்கு நிறைய இப்போது பிள்ளை பெற்ற தாய்கள், கண்ணுகளா. குட்டிகளுக்கு இன்னும் பறக்கத் தெரியாது. புகை போட்டால் ஒன்று மிஞ்சுமா?

இன்னொன்றும் அவள் மனசைக் குடைந்தது. பால் கொடுக்கிற தாயா என்று பார்க்க, மார்பு முடியை ஊதி விலக்குவார்கள். முகக்கவசத்துக்குள்ளிருந்து ஊதினால் காற்று எங்கே போகும்? ஒரு நிமிஷம்தானே என்று அந்தத் தாயிடம் கவசத்தை இறக்கிவிட்டு ஊதியிருந்தாள். அந்த வாரம் அவளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கிடங்குத் தூசி என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது இப்போது நெஞ்சில் முள்ளாய் நின்றது.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. விஷயத்தைக் கேட்ட கணவர், கடிகாரம் பழுது பார்க்கிறவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"சொல்லிடு."

"வேலை போயிடுமேங்க."

"போனா போகுது. எனக்கே சளியைக் குடுத்தவ, வௌவாலை மட்டும் விட்டு வைப்பியா?"

காலையில் முதல் ஆளாக டாக்டர் அறையில் போய் நின்றாள். "அது வௌவாலோட வைரஸ் இல்ல டாக்டர். என்னோடதா இருக்கும்." நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். "இத்தனை நாள் தேடி உங்க மூக்கையாக்கா கண்டுபிடிச்சோம்?"

அங்கே வேலை செய்கிறவர்களின் மூக்குச்சளியையும் வாரா வாரம் எடுத்து உறைபெட்டியில் வைப்பார்கள். அக்காவின் அந்த வாரத்துச் சளியை எடுத்து, வௌவாலிடம் கிடைத்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இம்மியும் பிசகாமல் பொருந்தியது.

அவள் அதோடு விடவில்லை. "அந்தத் தாய்க்கு ஒட்டியிருந்தா? அது மத்ததுக்கும் பரப்பியிருந்தா?" வைரஸ் நம்மிடம் தாவிவிடுமோ என்று வௌவால்களைக் காவல் காத்தவள், தானே வாரிக் கொடுத்துவிட்டாளோ என்று மருகினாள்.

"மறுபடி எடுத்துட்டு வாங்க," என்றார் டாக்டர். "அதுவரைக்கும் நகராட்சிகிட்ட நான் வாயைத் திறக்கல. நீங்களும் அங்க திறக்காதீங்க."

வீட்டிலிருந்து கிடங்குக்குக் கிளம்பும்போது கணவர் எதையோ அவள் கையில் திணித்தார். கடிகாரத்துத் தூசியை ஊதும் ரப்பர் குமிழ்.

முன்பே வௌவாலின் கையில் மாட்டியிருந்த எண் வளையத்தை வைத்து அதே தாயைக் கண்டுபிடித்தாள். முகக்கவசம் மூக்கை இறுக்க, குமிழை அமுக்கினாள். முடி விலகியது. குட்டி இன்னும் பால் குடித்துக்கொண்டிருந்தது. கூடத்துக்குக் கொண்டுவந்து சோதித்தபோது, அந்தத் தாயின் எச்சிலிலும் சரி, பக்கத்தில் தொங்கியவற்றின் எச்சிலிலும் சரி, அந்த வைரஸ் இல்லை.

கிடங்குக்குப் புகை வரவில்லை. கணவர்தான் குமிழைத் திருப்பிக் கேட்டு அலுத்துப்போனார்.