சம்பந்தம் பேசும் முன் ஒரு மணல் சவாரி

பெண் கேட்டு வந்தவர்களை இரண்டு முறை வாசலிலேயே உட்கார வைத்துத் திருப்பி அனுப்பியாயிற்று. அதில் தப்பொன்றும் இல்லை. தாமரா இனத்தார் வீடுகளில் அதுதான் முறை. கேட்டவுடனே சரியென்று சொல்லிவிட்டால், அந்த வீட்டில் பெண் மலிந்து கிடக்கிறாள் என்று குய்சப்மண்ட் குடியிருப்பு முழுக்கப் பேசும். ஆனால் பெண்ணான அல்வினாவுக்கு வயது நாற்பத்தொன்பது. கணவன் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. மகள் தலைநகர் வின்ட்ஹூக்கில் நர்ஸ். துறைமுகத்து மீன் கம்பெனியில் ஒரு வரிசைப் பெண்களை ஒற்றைப் பார்வையில் வேலை வாங்குகிறவள் அல்வினா. அப்படிப்பட்டவள் புதுப்பெண் மாதிரி ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அண்ணன் கோட்லிப் வாசலில் முறுக்கிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பையன் என்ன வேலை பாக்குறான்?"

பையனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பெயர் எஃப்ராயிம் டௌசப். முறைப்படி அவன் வாய் திறக்கக் கூடாது. அவன் அத்தைதான் பதில் சொன்னாள்.

"மணல்ல வண்டி ஓட்டுறான், ஐயா. நாலு சக்கர பைக்கு. ஊருக்கு வர்றவங்கள மணல்மலை மேல கூட்டிக்கிட்டுப் போறான்."

"போயி?"

"திரும்பக் கூட்டிக்கிட்டு வந்துருவான்."

"எங்க?"

"புறப்பட்ட எடத்துக்குத்தான்."

கோட்லிப் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சரக்கு ரயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். "நான் ஒரு ஊர்ல ஏத்துனா இன்னொரு ஊர்ல எறக்குவேன். அதுக்குப் பேருதான் வேலை. புறப்பட்ட எடத்துக்கே வர்றதுக்குப் பேரு வேலையா? எங்க வீட்டுக் கோழிகூட அதத்தான் செய்யுது."

எஃப்ராயிம் பொறுக்கமாட்டாமல் தலையைத் தூக்கினான். "ஒரு நாள் வந்து பாருங்களேன், மச்சான்."

பெண் கேட்க வந்தவன் பேசியதே குற்றம். அதிலும் மச்சானாமே!

"எவன்டா ஒனக்கு மச்சான்?" என்று கோட்லிப் எழுந்தேவிட்டார். திரைக்குப் பின்னால் அல்வினா சிரிப்பை அடக்கத் திரையின் முனையை வாயில் திணித்துக்கொண்டாள்.

அவள் எஃப்ராயிமைச் சந்தித்தது ஒரு கல்யாண வீட்டு ஆட்டத்தில். அவள் காலை மிதித்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க, இது என் கால்னு நெனச்சேன்" என்றான். அன்றிலிருந்து சாயங்காலங்களில் அவள் தெருப் பக்கம் வந்து அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருக்கிறான். அதுதான் அவளுக்கு உறுத்தியது. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனுஷன், வீடு தீப்பிடித்தாலும் சிரித்துக்கொண்டுதான் நிற்பானோ? சிரிக்க வைக்கிறவன் வேறு, சாய்ந்துகொள்ளத் தோள் கொடுக்கிறவன் வேறு. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்து அவள் பார்த்ததில்லை.

"வேலையப் பாத்துட்டு வந்து முடிவு சொல்றேன்" என்றார் கோட்லிப் அன்று ராத்திரி.

"நானும் வர்றேன்."

"வேலையப் பாக்கப்போறது நான். நீ எதுக்கு?"

"வாழப்போறது நானாச்சே, அண்ணே."

அக்டோபர் மாதம், மீன்பிடித் தடைக்காலம். கம்பெனி மூடிக் கிடந்தது. அவளுக்குப் போக நேரம் இருந்தது.

காலையில் கடல்பனி ஊரை விழுங்கியிருந்தது. மணல்மலை அடிவாரத்துக் கொட்டகையில், ஹெல்மெட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு தலைவலை கொடுத்தார்கள்.

"லீவு நாள்லயுமா இந்தச் சனியன்?" என்றாள் அல்வினா. மீன் வெட்டும்போது நாள் முழுக்கத் தலையில் இருப்பது அதேதான். கோட்லிப்பின் வழுக்கை மண்டையில் வலை நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஹெல்மெட்டைப் போட்டு அழுத்தினார்கள்.

எஃப்ராயிம் முன்னால் வழிகாட்டி. வரிசைக்குக் கடைசியில் வர நடாஷா என்றொருத்தி. உருண்டையான முகம், வாய் மட்டும் காதுவரை. அன்றைக்கு வேறு ஆட்கள் யாரும் இல்லை.

"கேட்டுக்குங்க" என்றான் எஃப்ராயிம். வேலை நேரம் என்பதால் 'நீங்க'தான். "என் டயர் தடத்துலயே வாங்க. சரளைத் தரைப் பக்கம் போகாதீங்க, அங்க ஆலாக் குருவி முட்டை போட்டிருக்கு. என்னைய முந்தக் கூடாது. முகட்டுல நான் கையத் தூக்குனா அப்படியே நிக்கணும். அந்தப் பக்கம் சரிவு எப்படி இருக்கும்னு நேத்து பாத்தவனுக்குக்கூடத் தெரியாது. ராத்திரிக் காத்து மாத்தி வச்சிரும்."

"எனக்கேவா பாடம்?" என்றார் கோட்லிப். "ஆயிரம் டன் இழுத்தவன்டா நான்."

ஒரு விஷயத்தை யாரும் யோசிக்கவில்லை. ரயிலை ஓட்டலாம், நிறுத்தலாம். திருப்புகிற வேலை மட்டும் கிடையாது.

முதல் வளைவிலேயே அது வெளிச்சத்துக்கு வந்தது. எஃப்ராயிம் இடப்பக்கம் ஒடித்தான். அல்வினா இடப்பக்கம் ஒடித்தாள். கோட்லிப் கம்பீரமாக நேரே போனார்.

"ஐயா, திருப்புங்க! திருப்புங்க!" என்று நடாஷா பின்னாலிருந்து கத்தினாள்.

"திரும்பலையே!"

"அது எப்படித் திரும்பும்? நீங்கதான் திருப்பணும்!"

"என்ன வண்டிடா இது!" என்றபடி அவர் ஒரு புதரைச் சுற்றிவந்து, எப்படியோ தடத்தில் சேர்ந்தார். "தண்டவாளம் போடத் துப்பில்லாத பயலுக."

அல்வினா வாழ்க்கையில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. கட்டை விரலால் அந்தச் சின்ன விசையை முதலில் அழுத்தியபோது வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளியது. அவளும் துள்ளினாள். கொஞ்ச தூரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். பிறகு பல்லைக் கடிக்க மறந்துபோனாள். விரலை அழுத்தினால் வண்டி ஓடியது, எடுத்தால் நின்றது. தன் பேச்சை இவ்வளவு ஒழுங்காகக் கேட்ட எதையும் அவள் இதுவரை கண்டதில்லை.

பனி சட்டென்று விலகியது. ஒரு பக்கம் வெளுத்த பொன்னாக மணல் அடுக்கடுக்காக எழுந்தது. மறுபக்கம் அதே மணல் இறங்கிப்போய்க் கடலில் கால் நனைத்துக்கொண்டிருந்தது. எஃப்ராயிம் ஒரு பெரிய மணல்மலையின் விலாவில் விர்ரென்று ஏறி, முகட்டைத் தொடாமல் அரைவட்டம் அடித்து இறங்கினான். அல்வினாவும் ஏறினாள். வண்டி ஒருக்களித்தது. வானம் ஒருக்களித்தது. உச்சியில் ஒரு கணம் எடையே இல்லை. பிறகு வண்டி கீழே பாய்ந்தது, வயிறு மேலேயே தங்கிவிட்டது. அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அலறலா, சிரிப்பா, குலவையா, அவளுக்கே தெரியவில்லை. திறந்த வாய்க்குள் மணல் போனது. துப்பிவிட்டு மறுபடி கத்தினாள்.

"அக்கா, பேய் கீய் புடிச்சிருச்சா?" என்றாள் நடாஷா.

"புடிச்சா புடிக்கட்டும், விடு!"

அடுத்த மலையில் அவள் எஃப்ராயிமை முந்தினாள். வேண்டுமென்றுதான் முந்தினாள். பக்கத்தில் போகும்போது அவன் முகத்தைப் பார்த்தாள். முதலில் திகைத்தது, பிறகு அந்தப் பழைய சிரிப்பு வந்தது. அவன் விரட்டினான். அவள் வளைந்தாள். அவன் முந்தினான். இருவரும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி மணலைக் கிழித்துக்கொண்டு போனார்கள். ஒரு முகட்டின் விளிம்பில் அவன் கையைத் தூக்கி நின்றான். அவளும் மூச்சிரைக்க நின்றாள்.

பின்னால் விசில் சத்தம் கேட்டது. நடாஷா இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தாள்.

"ஐயாவக் காணோம்! கை தூக்குனத அவரு பாக்கல! நேரே போயிட்டாரு, அந்த ஓரமா முகட்டத் தாண்டி!"

எஃப்ராயிமின் முகத்திலிருந்து சிரிப்பு துடைத்தெடுத்தது போலப் போய்விட்டது. அவன் இஞ்சினை அணைத்தான். அப்போது எல்லோருக்கும் கேட்டது. காலடியில், மலையின் வயிற்றுக்குள்ளிருந்து, கனமான ஓர் உறுமல். அல்வினாவின் பல் வரைக்கும் அது அதிர்ந்தது.

அவன் ஓடி விளிம்பைத் தாண்டிக் குதித்தான். முழங்கால்வரை புதையப் புதையச் சரிவில் பாய்ந்தான். அல்வினா பாவாடையை வாரிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவாக்கில் சறுக்கினாள். "அண்ணே! அண்ணே!" என்ற தன் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

அடிவாரத்தில் வண்டி மூக்கு புதைந்து நின்றது. அதற்குச் சற்று மேலே, சரிவில், கோட்லிப் காலை நீட்டிச் சப்பென்று உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் கோணியிருந்தது. அசைவே இல்லை. எஃப்ராயிம் அவர் முன்னால் மண்டியிட்டான்.

"தலையத் திருப்பாதீங்க. விரல அசைங்க. இந்தக் கை. இப்ப அந்தக் கை. கால். எங்கயாவது வலிக்குதா? நான் யாரு, சொல்லுங்க?"

"எஃப்ராயிமு."

"எங்க இருக்கோம்?"

கோட்லிப்பின் கண்கள் எங்கோ இருந்தன. "ரயில் வந்துச்சுடா" என்றார் மெதுவாக. "எனக்கு அடியில. ரெட்டை இஞ்சின் போட்ட சரக்கு ரயில்."

"அது மணல், ஐயா. சரிவுல மணல் மொத்தமா எறங்குனா உறுமும்."

"நானா உறும வச்சேன்?"

"ஆமா."

அவர் சரிவை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். "மறுபடியும் வைக்கலாமா?"

அல்வினா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ஆனால் எஃப்ராயிம் சிரிக்கவில்லை.

"கையத் தூக்குனா நிக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று வெடித்தான். "வண்டி குப்புறக் கவுந்திருந்தா? மேல விழுந்திருந்தா? ஒங்க வீட்டுக்காரிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" அவர் கண்ணோரத்து மணலைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டான். பிறகு குரல் இறங்கியது. "ஒங்களச் சொல்லி என்ன? நான் திரும்பிப் பாத்திருக்கணும். பாக்காம பந்தயம் விட்டுக்கிட்டு இருந்தேன். தப்பு என்னோடது."

"மொதல்ல முந்துனது நான்தான்" என்றாள் அல்வினா.

"நீ முந்துவ. விடாம இருக்க வேண்டியது நானு."

அண்ணன் முன்னால் 'நீ' என்று சொல்லிவிட்டதை அவன் கவனிக்கவே இல்லை. அவள் கவனித்தாள். திட்டிக்கொண்டே அவன் மணலைத் துடைத்துவிட்டதையும் கவனித்தாள். இத்தனை நாள் அவளுக்குள் முள்ளாகக் கிடந்த ஒன்று, வலியே தெரியாமல் கழன்று எங்கோ மணலில் விழுந்தது.

"யாரு தப்பா வேணா இருந்துட்டுப் போகட்டும்" என்றார் கோட்லிப் பொறுமையிழந்து. "உறும வைக்கலாமா, வேணாமா? அதச் சொல்லு."

"வண்டில கூடாது. ஏறி உக்காந்து சறுக்குனா வைக்கலாம்" என்றான் எஃப்ராயிம். அப்போதுதான் அவன் உதட்டோரம் மெல்ல அசைந்தது.

நால்வரும் ஏறினார்கள். ஓர் அடி ஏறினால் அரை அடி சறுக்கியது. கோட்லிப்பை நடாஷா பின்னாலிருந்து தள்ளினாள். "ஐயா, ஆயிரம் டன்ன நீங்க இழுத்தீங்க, சரி. இத யாரு இழுக்குறது?"

விளிம்பில் ஒருவர் பின் ஒருவராகக் காலைப் பரப்பி உட்கார்ந்தார்கள். கோட்லிப் இஞ்சின். வேறு யாரும் அந்த இடத்துக்கு ஆசைப்பட முடியாது. "ஏறுங்க, ஏறுங்க! வண்டி கெளம்புது!" என்றவர் கடலுக்கே கேட்கும்படி ஊதினார். சறுக்கினார்கள். முதலில் சரசரப்பு. பிறகு மலை உறுமத் தொடங்கியது. பிட்டத்தில் அதிர்ந்து, முதுகெலும்பில் ஏறி, பேசினால் குரல் துண்டு துண்டாகத் தெறித்தது. "எ-எ-எல்-லா-ரும் இ-இ-இருக்-கீங்-களா!" என்றார் இஞ்சின். நடாஷா கெக்கலித்தாள். அல்வினா எஃப்ராயிமின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். அடிவாரத்தில் நால்வரும் ஒரே குவியலாக விழுந்தார்கள். எந்தக் கால் யாருடையது என்று பிரிக்கவே நேரமானது.

"இன்னொரு தடவ" என்றார் கோட்லிப், வாயிலிருந்து மணலை எடுத்தபடி.

அவருக்கு மூச்சு முற்றிலும் தீர்ந்துபோகும்வரை சறுக்கினார்கள். பிறகு மணலில் உட்கார்ந்து, நடாஷா கொண்டுவந்திருந்த பொரித்த மாவுருண்டைகளை நறநறவென்று மணலோடு தின்றார்கள். ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றும்போது அல்வினா எஃப்ராயிமிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

"ஒங்க அத்தை மறுபடி எப்ப வர்றாங்க?"

"ஒங்க அண்ணன் மறுபடி வெரட்டுவாரேன்னு பாக்குறாங்க."

"வெரட்டட்டும். இந்தத் தடவ நான் திரைக்குப் பின்னால நிக்கமாட்டேன்."

திரும்பும்போது கோட்லிப்புக்கு வண்டி தர எஃப்ராயிம் அடியோடு மறுத்துவிட்டான். அதை அங்கேயே விட்டுவிட்டு அவரை அல்வினாவின் பின்னால் ஏற்றினார்கள். "மெதுவா போ, புள்ள! ஏய்! பிரேக்க புடி!" என்று வழிநெடுக அலறியவர், மலைவிலாவில் வண்டி அரைவட்டம் அடித்தபோது மட்டும் மூச்சுக் காட்டவில்லை. அல்வினா திரும்பிப் பார்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாய் நிறையப் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை எஃப்ராயிமின் வீட்டார் வந்து வாசலில் பாயை விரித்தார்கள். உச்சிவெயில் வரை காக்க வைப்பதுதான் மரியாதை. கோட்லிப் வெளியே வந்து, மலை உறுமிய கதையை அத்தைக்குச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு கையாலும் சரிவு வரைந்து, ஊதிக் காட்டி, இடையில் காபி குடித்து, மறுபடி முதலிலிருந்து சொன்னார். மறுக்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டார். அவர் மனைவி உள்ளேயிருந்து தொண்டையைக் கனைத்துக் கனைத்து ஓய்ந்துபோனாள்.

கடைசியில் அல்வினாவைக் கூப்பிட்டார்கள். பெண்ணிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். எஃப்ராயிமின் அத்தை கேட்டாள். "இந்த ஆள ஒனக்குத் தெரியுமாம்மா?"

தலையைக் குனிந்துகொண்டு, கேட்டும் கேட்காத குரலில் 'தெரியும்' என்று சொன்னால் போதும். அல்வினா தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் புதுச்சட்டையில் வேர்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாத் தெரியும், அத்தை" என்றாள். "இந்த வாரம் முழுக்க ஏன் சாயங்காலமா நம்ம தெருப் பக்கம் வரலைன்னு மட்டும்தான் தெரியல."

பெண்கள் குலவையிட்டுவிட்டார்கள். கோட்லிப் தன் பேச்சை யாரோ பாதியில் வெட்டிவிட்டதாக முறைத்தார்.