பேனா நின்றபோது

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, காலை மடக்கி உட்காருங்கள். ஒரு பேனா ஒரு பெண்ணைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன்.

ஒரு கல்லூரி. அதில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று ஓர் உதவி மையம், மாடிப்படிக்கு அடியில் ஒடுக்கமான அறை. அன்று அங்கே பரீட்சைக்கு வந்திருந்தவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வீட்டில் அவளை வாயாடி என்பார்கள். வரலாற்றுத் தாளில் போன தடவை கோட்டை விட்டிருந்தாள். இதில் தேறினால்தான் பட்டம். அவள் சொல்லச் சொல்ல எழுத, மையம் நூலகத்து அக்காவை உட்கார வைத்திருந்தது. மேற்பார்வைக்கு ஒரு சார்.

வீட்டில் பழகும்போது தங்கைதான் எழுதுவாள். சொன்னது தப்பென்றால் அவள் பேனா சட்டென்று நின்றுவிடும், "ஏய், உளறாத!" என்று அதட்டலும் வரும். அதனால் பேனாச் சத்தத்தில் காதை வைத்துக்கொண்டே பேசுவது வாயாடிக்குப் பழக்கமாகிவிட்டது.

முதல் கேள்விக்கு மடை திறந்த மாதிரி கொட்டினாள். பேனா கரகரவென்று ஓடியது. நின்றது.

வாயாடியும் பேச்சை நிறுத்தினாள். "அக்கா... தப்பா?"

"பதிலைப் பத்திப் பேசக்கூடாதும்மா," என்றார் சார்.

"அப்ப அடிச்சிடுங்க. வேற சொல்றேன்."

பேனா மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. இவள் மறுபடி அடிக்கச் சொன்னாள். தலைகீழாகத் தெரிந்த பதில்கள் எல்லாம் வரிசையாகக் கோடு வாங்கின. கடைசியில் வாயாடி கைவிட்டுவிட்டாள்.

"போதும்க்கா. பேப்பரைக் கட்டிக் குடுத்துடுங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல."

அக்கா பதறிப்போனார். "சார், ஒண்ணு சொல்லிக்கலாமா? பதிலைப் பத்தி இல்ல, என்னைப் பத்தி."

"சொல்லுங்க."

"கட்டைவிரல் மரத்துப் போகுது சார். புத்தகத்துல முத்திரை குத்துற கை, இவ்வளவு எழுதிப் பழக்கமில்ல. உதறிக்கத்தான் நிறுத்தினேன். வெளிய சொன்னா வேற ஆள் தேடுவீங்க, புள்ளைக்கு நேரம் போயிடுமேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"அட என் அக்கா! உங்க விரலுக்காகவா என் பதிலையெல்லாம் பலி குடுத்தேன்?"

சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "அடிச்சதையே எடுத்துக்கணும்னு பக்கத்துல எழுதச் சொல்லும்மா. அதுக்கு விதியில இடமிருக்கு. உனக்குக் கூடுதல் நேரமும் இருக்கு."

"எழுதுங்கக்கா. இனிமே விரல் மரத்தா 'கை'ன்னு சொல்லிடுங்க. நான் என்னமோ ஏதோன்னு சாகமாட்டேன்."

அதன்பிறகு அந்த அறையில் அவ்வப்போது "கை" என்று ஒரு குரல் எழும். வாயாடி பேச்சை நிறுத்துவாள். மேசையைத் தடவி, அந்த விரலைத் தேடிப் பிடித்து நீவிவிடுவாள். பிறகு விட்ட இடத்திலிருந்து, துளியும் மாற்றாமல் தொடர்வாள்.

தேறினாளா என்றுதானே பார்க்கிறீர்கள்? தேறினாள் கண்ணுகளா, நன்றாகவே தேறினாள்.

உங்கள் வீட்டிலும் நோவு என்றால் வாய்விட்டுச் சொல்ல ஒருவரும், நீவிவிட ஒருவரும் எந்நாளும் இருக்கட்டும். எல்லோரும் நல்லா இருங்கள்.