நாலு நூல்கண்டும் பதினெட்டு விளக்கும்

அந்தக் கடைவளாகத்தின் வெளிச்சுவரில் பதினெட்டு விளக்குகள் இருந்தன. பதினெட்டும் மஞ்சள். சாதாரண மஞ்சள் இல்லை; அதன் கீழே போய் நின்ற எதுவும் தன் நிறத்தை மறந்துவிடும். ஒருநாள் சாயங்காலம் பச்சைக் காரில் வந்த ஒருவர், நீலக் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் மனைவி மூன்றாம் நாள்தான் கவனித்தாள், அதுவும் இருக்கை கொஞ்சம் மெத்தென்று இருந்ததால். சாவி எப்படிப் பொருந்தியது என்று கேட்பவர்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்திராதவர்கள். நீலக் காரின் சொந்தக்காரர் இன்றுவரை புகார் கொடுக்கவில்லை. அவருக்கும் பச்சை பிடித்துப்போயிருக்கலாம்.

இந்த விளக்குகளோடு பதினாறு வருடம் குடித்தனம் நடத்தியவர் வளாகத்தின் சூப்பர்வைசர். எதையும் அப்படியே விட்டுவிடும் ஆள் இல்லை. லிஃப்டில் 'எட்டுப் பேர் மட்டும்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, ஒன்பதாவது ஆள் ஏறியது லிஃப்டுக்கு எப்படித் தெரியும் என்று இரண்டு நாள் யோசித்தவர். மூன்றாம் நாள் எட்டுப் பேரைத் திரட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். அந்தக் கதை வேறு.

அவருடைய அக்கா அதே வளாகத்தில் நூல்கடை வைத்திருந்தாள். நூல், பொத்தான், ஊசி, ஜிப். கடைக்குள் ஒருவர் நுழைந்தால் அக்கா மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவு இடம். நூல் வாங்குகிறவர்கள் கடைக்குள் எரியும் விளக்கை நம்ப மாட்டார்கள். துணியையும் நூலையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்த்த பிறகே தலையாட்டுவார்கள். வேலை முடிந்து ஆறு மணிக்கு மேல் வருகிறவர்களுக்கு வாசலில் கிடைப்பது அந்த மஞ்சள்தான். மறுநாள் காலையில் பாதிப் பேர் நூலை மாற்ற வந்து நிற்பார்கள்.

ஒருநாள் அவள் தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், இங்க வா. இது என்ன நிறம்?"

"கறுப்பு."

"இது?"

"அதுவும் கறுப்புதான்."

"ஒண்ணு கறுப்பு, ஒண்ணு கருநீலம். பொழுது சாஞ்சா என் கடையில ரெண்டே நிறம்தான்டா. கறுப்பு, கறுப்பு இல்லாதது. ஒண்ணாம் தேதியோட ஒப்பந்தம் முடியுது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கடை காலியா இருக்கு. நான் கெளம்பறேன்."

"அவசரப்படாதக்கா. லைட்டெல்லாம் மாத்தப் போறாங்க."

"மாத்தி, இந்த ரெண்டையும் பிரிச்சுக் காட்டட்டும். அப்பறம் பாக்கலாம்."

அக்கா அவரைவிடப் பதினொரு மாதம் மூத்தவள். பிறந்ததிலிருந்து அவள் கூப்பிட்டால் காதில் விழாத தூரத்தில் அவர் இருந்ததில்லை. மதியம் அவள் டிபன் பாக்ஸில் பாதி அவருடையது. ரோட்டைத் தாண்டிப் போனால் அந்தப் பாதி ஆறிப்போகும் என்று மட்டும் அவர் வெளியே சொன்னார். மீதியைச் சொல்லவில்லை.

கட்டட ஓனர் போனில் பேசினார். "எல்லாத்தையும் எல்.இ.டி.யா மாத்திடுங்க. எதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. ஆனா பதினெட்டும் ஒரே நிறமா எரியணும். ஒண்ணு மஞ்சள், ஒண்ணு வெள்ளைன்னு வாயில தங்கப்பல் கட்டுன மாதிரி இருக்கக் கூடாது."

விளக்குக் கம்பெனிக்காரர் ஒரே ஒரு மாதிரி விளக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதற்குக் கழுத்து இருந்தது, மேலும் கீழும் சாயும். முதுகில் ஒரு ரப்பர் மூடி. அதைத் திறந்தால் இரண்டு பொடி சுவிட்சுகள். ஒன்றைத் தள்ளினால் வெளிச்சம் கூடும், குறையும். இன்னொன்றைத் தள்ளினால் நிறம் மாறும்: இளமஞ்சள், நடுவெள்ளை, பளீர் வெள்ளை. சூப்பர்வைசர் அன்று முழுக்க அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அவர் வீட்டில் யாரும் அன்று அவரிடம் பேசவில்லை. பேசியிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

கடைக்காரர்களுக்கு ஓய்வு கிடைப்பது காலை பதினோரு மணிக்குத்தான். ஆகவே வெளிச்சத்தைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம், கொளுத்தும் வெயிலில், வண்டி நிறுத்துமிடத்தின் நடுவில் கூடியது. சூப்பர்வைசர் ஏணியில் ஏறி சுவிட்சைப் போட்டார். விளக்கு எரியவில்லை.

"பொறக்கும்போதே ரிட்டயர் ஆயிடுச்சு போல," என்றாள் போன்கடைக்காரி.

சூப்பர்வைசர் விளக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நெற்றியில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு கண் இருந்தது. அதைக் கட்டைவிரலால் மூடினார். விளக்கு பத்து நொடி யோசித்துவிட்டு எரிந்தது. விரலை எடுத்தார், அணைந்தது.

"இதுக்குப் பகல் தெரியுதுங்க!" என்று ஏணி மேலிருந்து கூவினார்.

"எங்களுக்கும் தெரியுது. கீழ எறங்குங்க," என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

கூட்டம் நிலவறையில் இருந்த சாமான் அறைக்கு இடம் மாறியது. அங்கே ஜன்னல் கிடையாது. விளக்கு ஒழுங்காக எரிந்தது. மனிதர்கள்தான் எரிய ஆரம்பித்தார்கள்.

"பளீர் வெள்ளையில என் ரொட்டியப் பாருங்க! ஆஸ்பத்திரியில சேத்த மாதிரி கெடக்கு!"

"மஞ்சள் போட்டா என் புதுப் போனெல்லாம் செகண்ட்ஹேண்ட் மாதிரி தெரியும், அண்ணாச்சி."

மாடியில் இருக்கும் கண் டாக்டர் கையைத் தூக்கினார். "நிறம் எதுவா வேணா இருக்கட்டும். அது என் ஜன்னலுக்குள்ள வரக்கூடாது. பேஷன்ட் கண்ணுல நான் ஒருத்தன் லைட் அடிக்கறது போதும்."

அக்கா நாலு நூல்கண்டுகளை மேஜைமேல் வைத்தாள். கம்பெனி முத்திரை உடையாத பெட்டிகளிலிருந்து பகலில் எடுத்தவை: கறுப்பு, கருநீலம், மெரூன், காப்பிக்கொட்டை. இளமஞ்சளில் மெரூன் முகம் காட்டியது. கருநீலம் கறுப்போடு போய் ஒட்டிக்கொண்டது. பளீர் வெள்ளையில் கருநீலம் பிரிந்து வந்தது, மெரூன் காப்பிக்கொட்டையாகிவிட்டது. நடுவெள்ளையில் இரண்டு ஜோடியும் ஆளுக்குப் பாதி பொய் சொன்னன.

"ஒண்ணாம் தேதிக்கு இன்னும் பன்னண்டு நாள் இருக்கு," என்றாள் அக்கா. நாலு கண்டையும் தம்பியின் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் போனாள்.

அவர் கண்டுகளின் அடியில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எழுதினார். பொழுது சாய்ந்ததும் ஊரில் விளக்கு எரியும் இடமெல்லாம் போனார். விளக்கின் கீழே குந்தி உட்கார்வார்; கண்டுகளைக் குலுக்கித் தரையில் வைப்பார்; இது இன்னது என்று தனக்குத்தானே சொல்வார்; பிறகு திருப்பி எண்ணைப் பார்ப்பார். தோற்றால் எழுந்து அடுத்த விளக்கு.

பெட்ரோல் பங்கில், "பெரியவரே, இங்க என்ன தைக்கப் போறீங்க?" என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உள்ள போங்க. இதுக்கும் டாக்டர் இருக்காரு," என்று அன்பாகச் சொன்னார். வங்கி வாசலில் காமிரா அவர் பக்கம் திரும்பியது. அவர் கண்டுகளை அதற்கும் தூக்கிக் காட்டினார், ஒருவேளை அதற்குத் தெரிகிறதா என்று.

நாலு நாளில் பதினோரு இடம். எல்லா இடத்திலும் வெளிச்சம் தாராளம். ஊசி விழுந்தால் எடுத்துவிடலாம். ஆனால் எந்த விளக்கும் நாலு கண்டையும் சரியாகச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் திரும்பி வரும்போது, கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை ஒன்று திறந்திருந்தது. தகரக் கூரைக்கு வெளியே முற்றத்தில் ஒரு விளக்கு எரிந்தது. பெரிய பிரகாசம் எல்லாம் இல்லை. பழக்கதோஷத்தில் குந்தினார். நாலும் சரி. குலுக்கி வைத்தார், நாலும் சரி. கண்ணை மூடி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் பார்த்தார். தலை சுற்றியது; நூல் நாலும் சரி.

ஒரு காது மட்டும் வெள்ளிப் பெயிண்டாக இருந்த பெயிண்டர் வெளியே வந்தார். "யாருங்க? என்ன வேணும்?"

"உங்க லைட்டு."

"கழட்டிட்டுப் போவவா வந்தீங்க?"

"இல்லீங்க. ஊர்ல எல்லா லைட்டும் பாத்துட்டேன். இதுல மட்டும் மெரூன் எப்படி மெரூனாவே இருக்கு?"

பெயிண்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தன வருஷத்துல இதக் கேட்ட மொதல் ஆள் நீங்கதான். என் வீட்டுக்காரிகூட கேட்டதில்ல. உக்காருங்க."

உட்கார ஒரு கார்க் கதவைப் போட்டார்.

"ஒரு கதவுக்கு மட்டும் பெயிண்ட் அடிக்கறேன். சாயங்காலம் பொருந்துது, காலையில பொருந்தலன்னா வண்டிக்காரரு என்னைச் சும்மா விடுவாரா? லைட்டு மஞ்சளா வெள்ளையான்னு எல்லாரும் பாக்கறாங்க. அது வேற கணக்குங்க. அந்த வெளிச்சத்துக்குள்ள எல்லா நிறமும் இருக்கான்னு பாக்கணும். சில லைட்டு பாக்க வெள்ளவெளேர்னு இருக்கும். உள்ள சிவப்பு பத்தாது. லைட்டுலயே இல்லாத சிவப்ப மெரூன் எங்க போயி வாங்கிக் காட்டும், பாவம்?"

"அத எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

"பெட்டியிலயே போட்டிருப்பான். நிறத்த எவ்ளோ உண்மையா காட்டும்னு நூத்துக்கு மார்க்கு. எழுபது இருந்தா தெருவுக்குப் போதும். எனக்கும் உங்க நூலுக்கும் தொண்ணூறத் தாண்டணும்."

சூப்பர்வைசர் சாமான் அறைக்கு ஓடினார். விளக்கின் கழுத்து, முதுகு, நெற்றிக்கண் எல்லாவற்றையும் நோண்டியிருந்தவர், அது வந்த அட்டைப்பெட்டியை மட்டும் படித்திருக்கவில்லை. பெட்டியின் ஓரத்தில் எறும்பு எழுதியதுபோல் ஒரு எண் இருந்தது. எழுபது.

மறுநாள் கம்பெனிக்காரரைப் பிடித்தார். "இதே மாடல், இதே கழுத்து, இதே சுவிட்சு. மார்க்கு மட்டும் தொண்ணூத்தஞ்சு வேணும்."

"இருக்குங்க சார். ஆனா வெளிச்சம் ஒரு பிடி கம்மியா வரும்."

"வரட்டும். அதுக்குத்தான் முதுகுல சுவிட்சு இருக்கே, ஒரு படி தள்ளிக்கறேன்."

இரண்டாவது கூட்டத்தை அவர் பொழுது சாயும் நேரத்தில், சுவருக்கு எதிரிலேயே வைத்தார். நடுவெள்ளையில் நிறுத்தி, புது விளக்கைப் போட்டார். ரொட்டிக்கடைக்காரர் ஒரு ரொட்டியை ஏந்தி நின்று வெகுநேரம் பார்த்தார்.

"தேறிடுச்சு," என்றார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

போன்கடைக்காரி தன் போன்களைப் பார்த்துவிட்டு, ரொட்டியைப் பார்த்துவிட்டு, ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு போனாள். கண் டாக்டர் மாடி ஜன்னலில் நின்று கையால் சைகை காட்டினார்: குனி, இன்னும் குனி. விளக்கின் கழுத்து தரையைப் பார்த்துச் சாய்ந்ததும், கும்பிடு போட்டு ஜன்னலைச் சாத்தினார்.

மாதக் கடைசிக்கு முந்தின நாள் பதினெட்டும் சுவரில் ஏறிவிட்டன. ஆறரைக்கு, யாரும் சுவிட்சைத் தொடாமலே, ஒவ்வொன்றாகக் கண்விழித்தன. அன்று வண்டி நிறுத்துமிடத்தில் மூன்று பேர் தங்கள் காரைச் சுற்றிச் சுற்றி வந்ததாகச் சொல்கிறார்கள். அடையாளம் தெரியவில்லையாம்.

அக்கா வாசலுக்கு வந்தாள். தம்பி நீட்டிய நாலு கண்டையும் வாங்கினாள். கண்ணை இடுக்கவில்லை, தூக்கிப் பிடிக்கவில்லை. "கறுப்பு. கருநீலம். மெரூன். காப்பிக்கொட்டை," என்றாள். பிறகு கடைக்குள் போய்விட்டாள்.

போகிறாளா, இருக்கிறாளா? கேட்டால் போகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்று சூப்பர்வைசர் கேட்காமல் நின்றார்.

"டேய்..." உள்ளே இருந்து வந்த குரல் அக்காவுடையதுபோல் இல்லை.

அவள் 'காப்பி' என்று எழுதிய பெட்டியைத் தூக்கிவந்து வாசலில் கவிழ்த்தாள். காப்பிக்கொட்டை நிறத்தில் பாதிதான் இருந்தது. மீதி மெரூன், கொஞ்சம் கரும்பச்சை. அடுத்து 'கறுப்பு'. அதில் மூன்றில் ஒன்று கருநீலம். கடைக்குள் இடம் இல்லாததால், உதிரிக் கண்டுகளை அவள் தினமும் வியாபாரம் முடிந்த பிறகு இதே வாசலில் உட்கார்ந்து, அந்த மஞ்சளில்தான் இத்தனை வருடமும் பிரித்து அடுக்கியிருந்தாள்.

"மாத்த வந்தவங்களுக்கெல்லாம் நான் மாத்திக் குடுத்தது என்னடா?" என்றாள் அக்கா.

அதற்குப் பதில் சொல்லும் தைரியம் உள்ள தம்பி இன்னும் பிறக்கவில்லை.

"எத்தன பெட்டிக்கா இருக்கு?"

"நூத்திநாப்பது." அவள் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். "இத இப்படியே மூட்டை கட்டி ரோட்டத் தாண்டினா, அங்கயும் இதே கூத்துதான். அந்தக் கடை ஓனருக்குப் போன் போட்டு, வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு. நின்னுட்டே இருக்கியே, உக்காரு. மெரூன இங்க போடு."

அவர் உட்கார்ந்தார். மெரூன் ஒரு பக்கம், காப்பிக்கொட்டை ஒரு பக்கம் என்று குவியல் வளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் கை நின்றது. விரல்களுக்கு நடுவே ஒரு கண்டு. மெரூன் இல்லை, காப்பிக்கொட்டை இல்லை, ஊதாவும் இல்லை. இப்படித் திருப்பினால் ஒன்று, அப்படித் திருப்பினால் இன்னொன்று.

"அக்கா, இது என்ன நிறம்?"

அக்கா வாங்கிப் பார்த்தாள். விளக்குக்கு நேராகப் பிடித்தாள். தம்பியின் தோளில் கைவைத்து எழுந்து, விளக்குக்கு நேர்கீழே போய் நின்று மறுபடி பார்த்தாள்.

"தெரியலயேடா," என்றாள், சின்னப்பிள்ளை மாதிரி. "ஒரு காலிப் பெட்டி எடு."