பச்சைப் பெயின்ட் அடித்த பேரிங்

அரவை இயந்திரத்தின் சுழல்தண்டைத் தாங்கும் பேரிங் மேல், ஆலையின் பொறியாளரான அவள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புப் பூச்சுப் பூசியிருந்தாள். கண்ணுக்கே தெரியாத கரிம நுண்குழாய்களைக் குழைத்துத் தெளித்த பூச்சு. பேரிங் சூடேறினால் அதில் ஓடும் மின்சாரம் மாறும், சுவரில் இருக்கும் பெட்டி கத்தும். போன மாதம் ஒரு தரம் கத்தியது. பேரிங் உடைந்து சிதறுவதற்குள் இயந்திரத்தை நிறுத்தியதால்தான், பக்கத்தில் நின்று சரக்குத் தள்ளும் அவள் தம்பி முழுசாக வீடு வந்து சேர்ந்தான்.

அந்தப் பூச்சைத்தான் சுரண்டி எறிந்துவிட்டுப் பளபளவென்று பச்சைப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். அடிக்கச் சொன்னது வேறு யாருமில்லை, ஆலை மேலாளர். அவளைக் கட்டிக்கொண்ட மகராசன்.

"கரி அப்பின மாதிரி அசிங்கமா இருந்துச்சு. சரக்கு வாங்குற பெரிய கம்பெனி ஆளுங்க பாக்க வர்றாங்கல்ல?" என்றான், புதுச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டே.

"அப்ப அந்தப் பெட்டி?"

"சுரண்டினதுலேர்ந்து ஓயாம கத்துச்சு. ஒயரைப் பிடுங்கிவிட்டுட்டோம்."

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பாடுபட்டுச் செய்த வேலை போனால் போகட்டும். கத்துகிற வாயைக் கட்டினால் ஆபத்தும் ஓடிவிடும் என்று நினைக்கிற புத்தியை எந்தக் கடையில் வாங்கினானோ!

"முதல்ல மெஷினை நிறுத்துங்க."

"அவங்க வாசலுக்கே வந்துட்டாங்க. கொஞ்ச நேரம் ஓடினா ஒண்ணும் ஆயிடாது. என் மானத்தை வாங்காத."

"ஒண்ணும் ஆகாதுல்ல? அப்ப தம்பியை அனுப்பிட்டு நீங்க போய் அங்க நில்லுங்க."

அவன் இயந்திரத்தைப் பார்த்தான். அது கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவன் கால் ஓரடிகூட நகரவில்லை.

இரைச்சலுக்கு நடுவே தம்பி காதில் அவள் பேச்சு எப்படியோ விழுந்துவிட்டது. "விடுக்கா, நானே நிக்கிறேன். மாமாவுக்குச் சட்டை அழுக்காயிடும்," என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னான்.

"பாத்தியா, மாப்பிள்ளைக்கு இருக்கிற பொறுப்பு உனக்கு இல்ல," என்று பெருமூச்சுவிட்டான் கணவன்.

அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. போய்ச் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். இயந்திரம் முனகிக்கொண்டே நின்றது.

அதே நேரம் வந்தவர்கள் உள்ளே நுழைந்தார்கள். "என்னாச்சு, நின்னுடுச்சு?" என்றார் முன்னால் வந்தவர்.

"சின்னப் பராமரிப்புங்க," என்று இளித்தான் கணவன்.

"பராமரிப்பும் இல்ல, ஒண்ணும் இல்லைங்க," என்றாள் அவள். "இது பக்கத்துல நிக்க இவருக்கே பயம். இல்லேன்னு சொன்னா, அந்த இடத்துல வந்து நிக்கச் சொல்லுங்க. நானே ஓடவிடறேன்."