வெர்லினின் குரலுக்கு இரண்டு பட்டன்கள்

1

இது கதையாகத் தொடங்கவில்லை, புகார் மனுவாகத் தொடங்கியது. படிவத்தில் 'நடந்ததைச் சுருக்கமாக எழுதவும்' என்று உள்ளங்கையளவு ஒரு கட்டம். என் கோபம் அதில் அடங்கவில்லை.

கதைக்கு எழுதிய முதல் வாக்கியம் இது: 'நெப்ராஸ்காவின் பரந்த சோளவயல்களுக்கு நடுவே ஒரு சிறிய வானொலி—'

அடித்துவிட்டேன். இருபது வருடமாக இந்த ஊரில் குடியிருக்கிறேன். இன்னமும் சோளத்தை வர்ணிக்க வெட்கமாயிருக்கிறது.

2

எங்கள் ஊர் ஏ.எம். வானொலி நிலையத்தை வெளியூர்க் கம்பெனி ஒன்று வாங்கியது. நேயர்கள் தொலைபேசியில் அழைத்து, விற்க வாங்க இருப்பதைச் சொல்லும் காலைப் பேச்சு நிகழ்ச்சியை நடத்திவந்த டுவெயினை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். நேயர்களிடம் 'போய்வருகிறேன்' என்று சொல்லக்கூட விடவில்லை. திங்கள் முதல் அவருடைய பழைய ஒலிப்பதிவுகளையே நேரலை மாதிரி ஓட்டினார்கள்.

(அந்த 'மாதிரி'யைக் கையெழுத்துப் பிரதியில் தாள் கிழியுமளவு அடிக்கோடிட்டேன்.)

புதன்கிழமை என் பக்கத்து வீட்டு லோர்னா முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள். வானொலியில் அவள் குரலே வந்தது. பவர் டில்லர் விற்பனைக்கு இருப்பதாகச் சொல்லி, வீட்டுத் தொலைபேசி எண்ணையும் சொன்னது. பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கத்தியது: "ரெண்டாவது இழுப்புலயே ஸ்டார்ட் ஆகும்னு சொல்லுடி!"

வெர்லின். அவள் கணவன். பிப்ரவரியில் செத்துப்போனவன்.

முட்டை கருகியது. [இங்கே அவள் அழுததாக எழுதியிருந்தேன். அழவில்லை.] தொலைபேசி அடித்தது.

"அந்த டில்லர் இருக்குங்களா?"

"அது வித்து ரெண்டு வருஷமாச்சு."

"இப்பத்தானே சொன்னீங்க! பின்னால கத்தினாரே, அவர்கிட்ட குடுங்க. நான் பேசிக்கறேன்."

3

வண்டியை எடுத்துக்கொண்டு நேரே நிலையத்துக்குப் போனாள். அங்கே கம்பெனி அனுப்பிய மேலாளர் கோரி மட்டும் இருந்தான்.

(முதல் வரைவில் கோரியை அரக்கனாக்கினேன். அடுத்ததில் அவன் இரக்கப்பட்டு, பதிவை ரகசியமாக நகலெடுத்துக் கொடுத்தான். இரண்டையும் கிழித்துப் போட்டேன். அவன் மரியாதையாகப் பேசத் தெரிந்த ஆள், அவ்வளவுதான். அதுதான் எனக்கு எரிகிறது.)

"என் புருஷன் குரலைப் போட யாரைக் கேட்டீங்க?"

"நேயர் அழைப்பெல்லாம் நிலையத்துச் சொத்து மேடம். நிலையத்தோட சேர்த்து வாங்கியாச்சு."

"அவரையும் சேர்த்தா வாங்கினே?"

"மனசு கஷ்டமா இருந்தா அழிச்சிடறேன்."

"அழிக்கவா? அவர் குரல் வேற எங்கயும் இல்லப்பா. எனக்கு எடுத்துக் குடு. ஊருக்குப் போடாதே."

"வெளிய குடுக்க அனுமதியில்ல மேடம். இதுல ரெண்டே பட்டன். ஓட்டலாம், இல்ல அழிக்கலாம்." கணினியின் மவுஸை அவள் பக்கம் நகர்த்தினான். "நீங்களே அமுக்குங்க."

4

மூன்று முடிவுகள் எழுதினேன். அழித்தாள். அல்லது, ஓடட்டும் என்று விட்டுவிட்டு, டில்லர் கேட்டு வந்த ஒவ்வோர் அழைப்புக்கும் பதில் சொன்னாள். அல்லது, கணினியைத் தூக்கித் தரையில்—

(எனக்குப் பிடித்தது இதுதான்.)

உண்மையில் எதைச் செய்தாள் என்று எனக்குத் தெரியும். வேலியோரம் நின்று அவளே சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரனிடம் சொன்னாள். கதை எழுதுகிறவனிடம் அல்ல. எழுதட்டுமா என்று நான் அவளைக் கேட்கவேயில்லை. அப்படியானால் கோரிக்கும் எனக்கும்—

முடிக்கமாட்டேன்.

தெரிந்தே ஆகவேண்டுமென்றால் தினமும் காலையில் எங்கள் ஏ.எம். நிலையத்தைத் திருப்பிவைத்துக் காத்திருங்கள். அவள் எண் வந்தால், கூப்பிட்டுக் கேளுங்கள்.

வராவிட்டால் அவளைச் சும்மா விடுங்கள்.